முஹர்ரம் முதல் நாள் என் மகள் என் வீட்டில்தான் இருந்தாள்

என் பெயர் ஹனியா. தகப்பனார் பெயர் அஹ்மர் ஸுவாரி, காலமாகிவிட்டார். வயது அறுபத்து மூன்று. கணவரை இழந்தவள். சிதி பூசித் மாகாணம், ஐன் ஸிதான் கிராமம், பழைய கிணற்றுத் தெருவில் கடைசி வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். முன்பு வயல் கூலி வேலை செய்துவந்தேன். மணிக்கட்டு உடைந்த பிறகு வேலைக்குப் போவதில்லை. என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

சிறையில் இருக்கும் லம்யா ஹம்தூனி என் ஒரே மகள். அவளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, என்னைவிட நீங்கள்தான் அவள் பின்னால் அதிகம் நடந்திருக்கிறீர்கள். வயல் வேலைக்குப் பெண்களை நெருக்கி நிற்க வைத்து ஏற்றிப்போகும் சிறு லாரிகளை எதிர்த்து முதலில் வாய் திறந்தவள் அவள். என் மணிக்கட்டு உடைந்ததும் அப்படி ஒரு லாரி கவிழ்ந்ததில்தான். இன்று அவள் பேச்சைக் கேட்டு, இருக்கை இல்லாத வண்டியில் ஏறமாட்டோம் என்று ஊர் ஊராகப் பெண்கள் சாலையோரம் நின்றுவிடுகிறார்கள். தலைநகரத்து வானொலியில் அவள் குரல் வருகிறது. சந்தையில் முன்பின் தெரியாத ஆண்கள் "லம்யாவோட அம்மா" என்று சொல்லி நெஞ்சில் கை வைக்கிறார்கள். கை வைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்தவர் கிடையாது. அவளும் வருவதில்லை. சென்ற பெருநாளன்று அவளை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். பெட்டியைப் பார்த்து ஸலாம் சொன்னேன். என் நிலைமை அதுதான்.

இது இப்படி இருக்க, கடந்த மாதம் அவளும் வயல் வேலைப் பெண்கள் சிலரும் நகரத்தில் ஆளுநர் அலுவலகத்துக்கு எதிரே கூடாரம் போட்டு உண்ணாவிரதம் தொடங்கினார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் மட்டும் குடிப்பார்கள். குளித்து உடை மாற்ற மட்டும் முறை வைத்து ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய் வருவார்கள். முஹர்ரம் முதல் நாள் நண்பகல் லுஹர் பாங்குக்குப் பிறகு நான் வழக்கம்போல முலூக்கியா சமைத்துக்கொண்டிருந்தேன். வருடம் பிறக்கும் நாளில் அந்தப் பச்சைக் குழம்பு வைக்காமல் அடுப்பை அணைக்க எனக்கு மனம் வராது. சாப்பிட நான் ஒருத்திதான் என்றாலும் வைப்பேன். அப்போது பின்வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் லம்யா.

"குளிக்கத்தான் வந்தேன் உம்மா. சாப்பிடச் சொல்லாத" என்றாள்.

"குளிக்கவாச்சும் வீடு ஞாபகம் வந்துச்சே. வா, உன் வீட்டுக்கு வழி சொல்ல ஆள் வேணுமா?" என்றேன்.

அவள் சிரித்தாள். கழுத்தெலும்பு இரண்டும் வெளியே தெரிந்தன. அதன் பிறகு அவள் குளித்தாள். குளித்து வந்து, என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். முலூக்கியாவைக் கிண்டாமல் விட்டால் அடி பிடித்துவிடும், எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை நிற்கவேண்டும். பதினோரு நாளாகச் சாப்பிடாதவள் அடுப்பு முன்னால் நின்று கிண்டினாள். நான் முக்காலியில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பட்டினி கிடக்கிறாளே என்று நான் வருந்தியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தேன். அடுத்த வீட்டு நாய் குரைத்ததற்கெல்லாம் நாங்கள் சிரித்தோம். பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும்போது அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடிதான் இருந்தாள். வயல் வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் தரகர் முன்ஸிஃபின் லாரி நகரத்துச் சந்தைத் திடலில் எரிந்ததாகவும், லம்யாதான் பெட்ரோல் ஊற்றினாள் என்றும் அவர் சொல்லும் நேரம் அதுதான். அந்த நேரம் அவள் என் சமையலறையில் இருந்தாள்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். கொரோனா காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு ருசி தெரிவதில்லை. தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு அது ஒரு குறையும் இல்லை. ஆனால் லம்யா வீட்டில் இருந்தால் உப்புப் பார்ப்பது அவள்தான். அன்றும் நான் ரொட்டியைப் பிட்டேன், குழம்பில் தோய்த்தேன், ஊதி ஆற்றினேன், அவள் வாயருகே நீட்டினேன். எதையும் நினைத்துச் செய்யவில்லை. அவளும் எதையும் நினைக்காமல் வாயைத் திறந்தாள். மென்று விழுங்கிவிட்டு, "உப்புப் பத்தல உம்மா" என்றாள்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

அவள் முற்றத்துக் குழாயடிக்கு ஓடிப்போய்த் தொண்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு, "நீ யார்கிட்டயும் சொல்லாத. பொண்ணுங்க முன்னாடி நானே நின்னு சொல்லிக்கிறேன்" என்றாள். பொழுது சாயும் மக்ரிப் நேரத்தில் வாடகை வேன் ஏறிப் போனாள். கூடாரத்துக்குப் போய்ச் சேருமுன், வேனிலிருந்து இறங்கிய இடத்திலேயே அவளைக் கைது செய்தார்கள். லாரி எரிந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு இன்றுவரை அவள் பதில் சொல்லவில்லை.

மூன்று நாளுக்கு முன் அவளுடைய வக்கீல் அம்மா என் வீட்டுக்கு வந்தார். "லம்யா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா. யார் கேட்டாலும் அன்னிக்கு அவ வரலைன்னு சொல்லிடணுமாம்" என்றார்.

"வரலைன்னு சொன்னா ஜெயிலு எத்தனை வருஷம்மா?" என்று கேட்டேன். அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் புரிந்தது. கூடாரத்தில் மற்றப் பெண்கள் இன்னும் பட்டினி கிடக்கிறார்கள். அவள் இங்கே வந்தது தெரிந்தால் ரொட்டியும் தெரிந்துவிடும். லம்யா வீட்டுக்குப் போய் விருந்து சாப்பிட்டாள் என்று நாளை வானொலி சொல்லும். முன்ஸிஃப் சந்தையில் நின்று சொல்லுவார். அந்தப் பெண்கள் மறுபடியும் அந்த லாரிகளில் ஏறி நிற்பார்கள். அப்படி ஆகக்கூடாது என்றுதான் என் மகள் வாயை மூடிக்கொண்டு சிறையிலேயே கிடக்கப் பார்க்கிறாள். அது அவள் கணக்கு. நான் அவளைப் பெற்றவள், எனக்கு வேறு கணக்கு.

இந்த இடத்தில் நிலைய அதிகாரி, "இதுக்கு வேற சாட்சி யாரு பெரியம்மா? பக்கத்து வீட்ல யாராச்சும் பார்த்தாங்களா?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை என்றேன். என் வீட்டை யார் பார்க்கிறார்கள்? கதவு திறந்ததா மூடியதா என்று கவனிக்க எனக்கு ஒருவரும் இல்லை. நான் சொல்வது ஒன்றுதான் சாட்சி.

அதன் பிறகு அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, "அந்த ரொட்டி விஷயத்தை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே. பெத்த பொண்ணுக்குக் கெட்ட பேரு" என்றார்.

"அவ வந்ததைச் சொல்லிட்டு இதை மட்டும் நான் மறைச்சா நீதிபதி முன்னாடி அவளே எந்திரிச்சுச் சொல்லிடுவா. அப்புறம் மிச்சம் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடும். எந்தத் தாயாவது இல்லாத அவமானத்தைக் கைக்காசு போட்டு வாங்குவாளா தம்பி? எழுதுங்க" என்றேன். அவர் எழுதினார்.

அவள் சாப்பிட வரவில்லை என்பதையும், கையை நீட்டியது நான் என்பதையும் தனியாக எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அதையும் எழுதினார்.

என் மகளை எனக்குத் தெரியும். அந்தப் பெண்களின் பட்டினியை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைப்பாள். இனி பெருநாளுக்கோ, குளிக்கவோ, நான் செத்தாலோகூட அவள் என் வாசலுக்கு வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அது தெரிந்துதான் வந்தேன். அவள் வெளியே நடமாடினால் போதும்.

நான் சொன்னது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கேட்டேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு சொன்னேன். இதில் எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. முகவரியில் தனியாக வசிக்கிறேன் என்று எழுதியிருப்பதும் சரிதான். அதை மாற்றவேண்டிய தேவை இனி வராது.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
ஹனியா பின்த் அஹ்மர் ஸுவாரி