டார்சியின் தொப்பியில் விழுந்த சீட்டுகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களே, அக்காவை இழந்து நிற்கும் பிரான்சஸ் அம்மையார் அவர்களே, ஆட்டு முடி கத்தரிக்கும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, சட்டையில் ஒட்டிய ஆட்டு முடியோடு வந்திருக்கும் கத்தரிப்புக் கொட்டகைத் தோழர்களே, இந்த ஹே நகரத்து மக்களே, வணக்கம்!

பேராசிரியர் ரோவினா ட்ரெலோர் மறைந்துவிட்டார். அவருடைய ஆய்வுக்குழுவில் பக்கத்து நாற்காலிக்காரனான இந்த நீல் கிராஃப்டன், அவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "நீலிடம் மைக்கைக் கொடுத்தால் விடிந்துவிடும்" என்று அவர் கிண்டல் செய்வார். பயப்படாதீர்கள், இன்று சீக்கிரம் முடிப்பேன். முடித்தே ஆகவேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சேர்ந்து வேலை செய்யும் மனிதர்கள் எப்போது நன்றாக வேலை செய்கிறார்கள்? எப்போது சொதப்புகிறார்கள்? வாழ்நாளெல்லாம் ரோவினா கேட்ட கேள்வி இதுதான். மற்ற பேராசிரியர்கள் குளிரூட்டிய அலுவலகங்களில் விடை தேடினார்கள். நம் ரோவினா எங்கே தேடினார்? ஆட்டுப் புழுக்கை நாற்றத்தில் தேடினார்!

உங்கள் வழக்கம் உங்களுக்கே தெரியும். மழை பெய்த மறுநாள் ஆளுக்கு இரண்டு ஆடுகளை மட்டும் கத்தரிப்பீர்கள். பிறகு ஆடு ஈரமா, காய்ந்ததா என்று யாருக்கும் காட்டாமல் சீட்டில் எழுதித் தொப்பியில் போடுவீர்கள். ஈரம் என்று பெரும்பாலோர் எழுதினால் அன்று வேலை இல்லை. பண்ணை முதலாளி தலைகீழாக நின்றாலும் இல்லை.

ரோவினா கொட்டகைக்கு வந்த முதல் நாளே அப்படி ஒரு நாள். ஆர்வக்கோளாறில் ஓர் ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா காய்ஞ்சுதானே இருக்கு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! கொட்டகையின் முதல் கை, அதாவது கத்தரிப்பவர்களில் மூத்தவர், இதோ முன்வரிசையில் இருக்கிறாரே டார்சி மெல்ட்ரம், அவர் கத்திய கத்தலில் ஆடுகளே ஒதுங்கினவாம்.

"ஏம்மா, ஓட்டுப் போடுறதுக்கு முன்னால வாயத் தொறக்க நீ யாரு? வெளிய போய் நாய்ங்களோட உக்காரு, போ!"

போனார். நாய்களோடு உட்கார்ந்தார். சீட்டுகளைப் பிரித்தால், எல்லாமே 'காய்ந்தது'. வேலை தொடங்கியது. மதியம் ஈரமான வயிற்று முடியில் கருவி வழுக்கி வின்ஸ் என்பவரின் முழங்கையைக் கிழித்துவிட்டது. வலியில் அவர் திட்டினார், "ஈரம்னு எனக்கு அப்பவே தெரியும்டா!" பக்கத்தில் இருந்தவர், "எனக்கும்தான் தெரியும்" என்றார். அவருக்கும் அடுத்தவர் அதையே சொன்னார்.

"தெரிஞ்சுமா காய்ஞ்சதுன்னு எழுதுனீங்க?" என்று ரோவினா கேட்டார்.

"காலைச் சாப்பாட்டுலயே டார்சி சொல்லிட்டாரே, இன்னிக்கு வேலை உண்டுன்னு."

நண்பர்களே! ஓட்டுக்கு முன்னால் பேசியதற்காக ஒரு பெண்ணை வெளியே விரட்டியவர், அதற்கு முன்பே ஆட்டுக்கறியைக் கடித்தபடி எல்லோருடைய ஓட்டையும் தானே போட்டுவிட்டார். அவருக்கே அது தெரியவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னாரா? இல்லவே இல்லை. பெரிய கை பேசிவிட்டால் சின்னக் கைகள் அதையே எழுதும்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பார்கள். ரோவினா நேராக டார்சியிடம் போய்ச் சொன்னார். டார்சி மண்வெட்டியைத் தூக்கி எறிந்தார். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சரி பேராசிரியரம்மா, இனிமே சாப்பிடுறப்ப நான் வாயில கறியத் தவிர வேற எதையும் வெச்சுக்க மாட்டேன், போதுமா?" என்றார். அந்தப் பருவம் முழுக்க வாய் திறக்கவில்லை. அவர் மனைவி நிம்மதியாக இருந்ததாகக் கேள்வி!

அந்தக் கொட்டகையில் அதற்குப் பிறகு சீட்டுகளில் 'ஈரம்' வரத் தொடங்கியது. கையைக் கிழித்துக்கொள்வது குறைந்தது. பருவத்தின் நடுவில் ஓடிப்போகிற ஆட்கள் கடைசிவரை நின்றார்கள். ரோவினா அதை ஒவ்வொரு கொட்டகையாகப் பார்த்தார். பிறகு தீயணைப்புக் குழுக்களில் பார்த்தார், அறுவைச் சிகிச்சைக் கூடங்களில் பார்த்தார். யார் முதலில் பேசுகிறார்? யார் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்கிறார்? அந்தக் கேள்வியால் எத்தனை கைகள் கிழியாமல் தப்பின! எங்கள் குழுவிலும் அதே சட்டம்தான். முதலில் சீட்டு, பிறகு பேச்சு. தலைவர் பேசுவது கடைசியில். டார்சி கொடுத்த பழைய தொப்பிதான் எங்கள் ஓட்டுப்பெட்டி.

சீக்கிரம் முடித்தே ஆகவேண்டும் என்றேனே, அந்தக் காரணத்துக்கு வருகிறேன்: இந்த மேடையிலேயே ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ரோவினா இல்லாத இந்தக் குழு தனியாகத் தொடருமா, அல்லது நிர்வாகவியல் துறையோடு கரைந்துவிடுமா? துணைவேந்தர் எங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார். கரைந்தால் கொட்டகைப் பக்கம் இனி யாரும் வரமாட்டார்கள்.

நேற்று எல்லோரையும் கூட்டினேன். "தொடர்வதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்க வாயைத் திறந்தேன். எதிரே ஆணியில் அந்தத் தொப்பி தொங்கியது. வாயை மூடிக்கொண்டு தேநீர் போடப் போய்விட்டேன். அவர்கள் எழுதிப் போட்டார்கள், நானும் போட்டேன். இதுவரை யாரும் பிரிக்கவில்லை. இதோ தொப்பி. பிரான்சஸ், நீங்களே பிரித்துப் படியுங்கள், எல்லோருக்கும் கேட்கும்படி நான் திருப்பிச் சொல்கிறேன்.

'தொடரலாம்'. 'தொடரலாம்'. 'தொடரலாம்'. கைதட்டாதீர்கள், இருங்கள். 'தொடரலாம்'. மறுபடியும் 'தொடரலாம்'.

கடைசிச் சீட்டு... ஏன் தயங்குகிறீர்கள்? சத்தமாகவே படியுங்கள். 'வேண்டாம், அவர் இல்லாமல் நம்மால் முடியாது'.

யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்! யார் எழுதியது என்று நான் கேட்கமாட்டேன். எனக்கு அழுகை வருகிறது, ஆனால் இது துக்கத்தில் வருகிற அழுகை இல்லை. ரோவினாவின் படம் மாலையோடு நிற்கிறது, ஊரே கூடப்போகிறது, அப்படியிருந்தும் ஒருவர் பயப்படாமல் 'வேண்டாம்' என்று எழுதியிருக்கிறார்! ரோவினா கட்டிய குழு உயிரோடு இருப்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

துணைவேந்தர் அவர்களே, எங்கள் பதில் கிடைத்துவிட்டது. தொடர்கிறோம். அடுத்த வசந்தத்தில் முதல் கொட்டகை திறக்கும்போது நாங்கள் அங்கே இருப்போம். 'முடியாது' என்று எழுதியவரின் பயம் என்னவென்று முதலில் பேசிவிட்டுத்தான் கிளம்புவோம். இது ரோவினா ட்ரெலோரின் பெயரால் நாங்கள் கொடுக்கும் வாக்கு.

டார்சி, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொப்பி இன்னும் வேலை செய்கிறது.