மூன்றாவது போன்

கம்ப்யூட்டரை அணைத்து, பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி போட்டால் பாதிக் கோளாறு தானாகச் சரியாகிவிடும். இத்தனை வருடத்தில் இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

உண்மையை மட்டும் சொல்லச் சொன்னீர்கள். விசாரணை அதிகாரி கேட்டால் சொல்லத்தானே வேண்டும். என் பெயர் கோதண்டராமன். இருங்காட்டுக்கோட்டையில் கார்க் கதவுக்குத் தகடு அடிக்கும் இந்தத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பராமரிப்பு என் பொறுப்பு. அதற்கு முன்னால் சுங்குவார்சத்திரத்தில் கம்ப்யூட்டர் சென்டர், ஸ்ரீபெரும்புதூரில் பிரவுசிங் சென்டர் என்று பல ஊர்த் தண்ணீர் குடித்தவன். நடுவில் ஓரகடம் பக்கம் பெயிண்ட் டப்பா செய்யும் ஒரு கம்பெனியிலும் இருந்தேன். என் பாடமெல்லாம் அங்கேதான்.

இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கு வருடக்கணக்கு குழம்பிவிடும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஆறு மாதம் ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்தேன். ஜனவரி முதல் தேதி எல்லாம் ஒழுங்காக ஓடியது. மேனேஜர் சிரித்தார். "இன்னாப்பா, ஒண்ணுமே ஆவலையே? சும்மாவா இவ்ளோ நாளு பயமுறுத்திகினு இருந்தே?" என்றார். பொங்கலுக்கு முன் என்னை அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமே கெட்டுப்போகவில்லை என்பதற்காக வேலை போனவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். ரொம்ப வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். இங்கே வேலைக்குச் சேர்ந்ததும் நான் கொஞ்சம் வெயில் அடிக்க வைத்தேன், அவ்வளவுதான்.

இங்கே எந்த வண்டி வெளியே போவதானாலும் கேட் பாஸ் வேண்டும். முன்பெல்லாம் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கைச்சீட்டில் தகடு திருட்டுப் போகிறது, கம்ப்யூட்டரில் அச்சான பாஸ் மட்டும்தான் செல்லுபடியாக வேண்டும் என்று நிர்வாகத்துக்கு யோசனை சொன்னவன் நான். பாராட்டினார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குள் சின்னதாக ஒரு புரோகிராமும் எழுதி வைத்தேன். பதினேழு நாளுக்கு ஒருமுறை பாஸ் அச்சாகாது. நான் வந்து மூன்று எழுத்தைத் தட்டினால் அச்சாகும். யாருக்கும் பெரிய தொந்தரவு வரக்கூடாதென்று லாரி குறைவான முற்பகல் நேரமாகப் பார்த்து வைத்தேன். இந்த அக்கறை எத்தனை பேருக்கு வரும்?

இன்னொரு பழக்கமும் உண்டு. முதல் போனுக்கு ஓடி வருபவனுக்கு மரியாதை கிடையாது. இரண்டாவதற்கு, "வந்துகிட்டே இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது போனுக்குப் போய் நின்றால்தான் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

இரண்டாயிரத்து மூன்று, ஆயுதபூஜை முடிந்த அடுத்த வாரம். பதினொன்று பத்துக்கு முதல் போன். பாஸ் போடும் மஞ்சுளா பேசினாள். "சார், பாஸ் வர மாட்டேங்குது சார்." பார்க்கிறேன் என்றேன். கால் மணி நேரத்தில் இரண்டாவது போன். அழுதாள். "பிரஸ் மிஷின்ல நம்பிராஜன் கை மாட்டிகிச்சு சார். ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. வேன்ல ஏத்திட்டாங்க, பாஸ் இல்லாம வாட்ச்மேன் கேட்டத் தொறக்க மாட்டேன்றாரு."

வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன்.

வாட்ச்மேன் பரசுராமனைக் குறை சொல்ல முடியாது. "போன மாசம் கைச்சீட்டுக்குத் தொறந்து வுட்டதுக்கு புருஷோத்தமன வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் புள்ளகுட்டிக்காரன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். உத்தரவு போடக்கூடிய மேனேஜர் சென்னையில் மீட்டிங்கில் இருந்தார். போனை அணைத்து வைத்திருந்தார். தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடலாம் என்று லைன் ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். மஞ்சுளாதான் தடுத்தாளாம். "கோதண்டராமன் சார் வந்துகினே இருக்காரு, ரெண்டு நிமிஷம்" என்று.

பதினொன்று ஐம்பதுக்கு வந்து மூன்று எழுத்தைத் தட்டினேன். பாஸ் வந்தது. வண்டி போனது. பூந்தமல்லி தாண்டும்போது உயிர் போய்விட்டதாகச் சொன்னார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது. சம்பளச் சீட்டில் பெயர் தப்பாக வந்தபோது, "அண்ணாச்சி, எங்கம்மை வச்ச பேரு, கொஞ்சம் சரியாப் போட்டுத் தாங்களேன்" என்று வந்து நின்றவன். ஒரே நிமிடத்தில் திருத்திக் கொடுத்தேன். அவனுக்காக நானும் அழுதேன். அது பொய்யில்லை.

கோளாறுக்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். ஆயுதபூஜை அன்று மஞ்சுளா கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் சாத்தியிருந்தாள். எல்லா வருடமும் செய்வதுதான். குங்குமப் பொடி உள்ளே இறங்கிவிட்டது என்று எழுதினேன். ஆட்களைத் தூக்கவிடாமல் தடுத்ததும் அவள்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள். மறுமாதம் அவள் வேலைக்கு வரவில்லை. அடுத்த வருடம் முதல் கம்ப்யூட்டருக்குப் பூஜை கூடாது என்று உத்தரவு வந்தது. நான் வெளியே நின்று ஒரு கற்பூரம் காட்டுவதோடு சரி. வல்லக்கோட்டையில் கிருத்திகைதோறும் நம்பிராஜன் பெயருக்கு அர்ச்சனையும் செய்கிறேன். நெருக்கடி நேரத்தில் உதவியதற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள், வீட்டில் இருக்கிறது.

போன வாரம் பழைய கம்ப்யூட்டரை மாற்ற வந்த வேல்விழி என்ற பெண் என் புரோகிராமைக் கண்டுபிடித்துவிட்டது. கெட்டிக்காரப் பெண். எல்லாவற்றையும் முதல் போனுக்கே சரிசெய்துவிடுகிறது. அதை இங்கே ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள், பாருங்கள்.

அந்த நாற்பது நிமிடம் எங்கே இருந்தாய் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். எதிர் டீக்கடையில் இருந்தேன். ரோட்டைத் தாண்டினால் கேட். வேனின் பின்கதவு திறந்திருந்தது. நீலச் சட்டையும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த கைகளும் தெரிந்தன. என் பெயர்தான் எல்லோர் வாயிலும். "கோதண்டராமன் சார் வந்துட்டாப் போதும், வந்துட்டாப் போதும்." பெயிண்ட் டப்பா கம்பெனியில் ஒருவர் வாயிலும் அந்த வார்த்தை வந்ததில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாவது போன் அடித்ததும் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தக் கேட்டைத் திறக்க வைத்தது நான்தான். நான் மட்டும் வராமல் போயிருந்தால், பாவம், அந்த வண்டி இன்னும் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றிருக்கும்?