கித்தார் கச்சேரிக்குப் போன தறிக்காரர்

— பொட்டியக் கீழ வை, அன்னக்கிளி. சிவகிரி பஸ்ஸு பத்தரைக்குத்தான்.

— பத்தரையோ பதினொண்ணோ… நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க உங்க டபுள் ஷிப்டப் பாருங்க.

— ஏட்டி, நேத்து டபுள் ஷிப்டுன்னு சொன்னது ஒரே ஒரு பொய்யிதான…

— கல்யாணமாகி மூணே மாசம். அதுக்குள்ள பொய்யி! நேத்து சாயங்காலம் மேஸ்திரி பிச்சையா அண்ணாச்சி வாசல்ல வந்து நிக்காரு. “குருநாதன் ஏம்மா தறிக்கு வரல, காய்ச்சலா?”ன்னு கேக்காரு. நான் திருதிருன்னு முழிச்சேன்.

— நீ என்ன சொன்ன?

— வயித்தால போகுதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— அடிப்பாவி!

— பின்ன? எங்க போனிய? சத்தியமாச் சொல்லணும்.

— பாளையங்கோட்டைக்கு… ரெட் சிக்னல் பேண்டு கச்சேரி.

— அந்தத் தகரக்கடைப் பயலுவளா?

— அப்படிச் சொல்லாத! கல்யாணத்துக்குன்னு என் கூட்டாளி நஜ்முதீன் துபாய்ல இருந்து டேப் ரெக்கார்டரு கொண்டாந்தான். மெட்ராஸ்ல எறங்கி அவனுவ கேசட்டும் வாங்கிட்டு வந்தான். நீ வந்த மறுநாளே தகரக்கடைன்னுட்ட. அன்னைலருந்து நான் வீட்டுல போட்டிருக்கேனா? தறிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயில்லா கேக்கேன்.

— சரி சரி… என்னதான் பாடுனானுவ? பொட்டி கையிலதான் இருக்கு. நின்னுக்கிட்டே கேக்கேன்.

— நாலே பேருட்டி! கித்தார்க்காரன கேசட்டுல கேட்டப்ப ஆறடி ஆளுன்னு நெனச்சேன். பாத்தா நம்ம தறிக்கூடத்துக் குள்ளக் காளிராஜ் ஒசரம். சோடாப்புட்டிக் கண்ணாடி வேற. இவனா அவன்னு எனக்கே சப்புன்னு ஆயிட்டு. ஆனா கம்பியில கைய வச்சான் பாரு… யாத்தே! காதுல கேக்கல, வயித்துல கேக்கு.

— அப்ப நான் மேஸ்திரிட்ட சொன்னது சரிதான்.

— கிண்டலா? டிரம்முக்காரன் இருக்கானே… இருபத்துநாலு தறி ஒண்ணா ஓடுன மாதிரி. ஆனா ஒண்ணு முந்தல, ஒண்ணு பிந்தல. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டுட்டி.

— ஆம்பள அழுதியளாக்கும்?

— சந்தோசத்துலதான். அப்புறம் ஒரு கூத்து… வேண்டாம், நீ சிரிப்ப.

— சொல்லுங்கன்னா.

— கடேசிக்கு முந்தின பாட்டு. நல்லா ஓடிக்கிட்டே இருக்கு… பொசுக்குன்னு அம்புட்டும் நின்னு போச்சு. ஒரு சத்தம் இல்ல. நான் சடார்னு எந்திரிச்சு, “ஏலே, நூலு அத்துட்டு! தறிய நிறுத்து!”ன்னு கத்திட்டேன்.

— ஐயய்யோ! அம்புட்டு சனத்துக்கு நடுவுலயா?

— மொத்தக் கூட்டமும் திரும்பிப் பாக்கு. கித்தார்க்காரன் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கான். உடனே பாட்டு மறுபடியும் தொடங்கிட்டு. அது பாட்டுலயே உள்ள நிறுத்தமாம்!

— நூறு தடவ கேட்ட ஆளுக்கு அதுகூடத் தெரியலையாக்கும்?

— எங்கிட்டுத் தெரியும்? தறி இரைச்சல்ல பாட்டு நின்னா என்ன, ஓடுனா என்ன? நேத்துதான் அந்தப் பாட்ட முழுசாக் கேட்டேன்… ஏட்டி, நீ சிரிக்க! பொட்டியக் கீழ வச்சிட்டியே!

— கை வலிக்கு, அதான். பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. பக்கத்துல இருந்தவன் ஏசலையா?

— பக்கத்துல ஆளு இல்ல.

— கூட்டம்னியளே?

— அந்த நாக்காலியில என் துண்டப் போட்டிருந்தேன்.

— துண்டா? எதுக்கு?

— …ரெண்டு டிக்கெட்டு எடுத்தேன்.

— யாருக்கு?

— கேள்வியப் பாரு. உனக்குத்தாண்டி! பதினஞ்சு நாளு ஒளிச்சு வச்சிருந்தேன். வாயத் தெறப்பேன், தகரக்கடைன்னு சொல்லிருவியோன்னு மூடிக்கிருவேன். நீ அங்கன வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எனக்கு அந்தப் பாட்டே கசந்துரும்லா… அந்தப் பயம். கடேசில அந்தக் காலி நாக்காலியப் பாத்துக்கிட்டேதான் பாதிப் பாட்டும் கேட்டேன்.

— அப்ப அந்தத் துண்டு எனக்குப் போட்டதா…

— பின்ன? ஞாயித்துக்கிழம மதுரைக்கு வாரானுவளாம். கூப்பிடத்தான் ஆச… வேண்டாம். அது நடுவுல நின்னதும் நீயும் என்னைய மாதிரி பயந்துருவ.

— நான் எதுக்குப் பயப்படுதேன்? நின்னதும் மனசுக்குள்ள நாலு எண்ணணும். நாலு முடிஞ்சதும் டிரம்மு ரெண்டு தட்டு. அப்புறந்தான் கித்தாரு.

— ஏட்டி! நான் அதச் சொல்லவே இல்லையே… உனக்கு எப்படித் தெரியும்?

— நைட் ஷிப்டு முடிச்சு வந்து நீங்க கொறட்ட விட்டுத் தூங்குவிய. நான் சத்தத்தக் கொறச்சு, டேப்புல காத ஒட்டி வச்சுக்கிட்டு மூணு மாசமாக் கேக்கேன், அத்தான். தகரக்கடைன்னு சொன்ன வாயால பிடிச்சிருக்குன்னு எப்படிச் சொல்ல? பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருந்த போஸ்டர நானும் பாத்தேன். மேஸ்திரி வந்து கேட்டதுமே எங்க போயிருப்பியன்னு தெரிஞ்சு போச்சு. பொய் சொன்னதுக்கா பொட்டி கட்டுனேன்? என்னைய விட்டுட்டுப் போனதுக்குல்லா கட்டுனேன்!