ஒரு சுற்றுக்கு ஒரு கதை

பிள்ளைகளே, துறைமுகத்துக்குப் பக்கத்து மைதானத்தில் ஓர் இளைஞர் மூன்று நாளாக இறங்காமல் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார். கடலை மட்டும் கப்பலில் தாண்டி, மற்றப்படி சைக்கிளிலேயே டில்லிவரை போய்வரக் காசு சேர்க்கிறாராம். பார்க்க வருகிறவர்கள் அவருடைய சட்டையில் ரூபாய்த் தாளைக் குத்திவிடுவார்கள். கால் நிலத்தில் பட்டால் ஆட்டம் முடிந்தது. பிறகு ஒருவரும் குத்தமாட்டார்கள்.

வேலை விட்டு வந்த நான், மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றோரம் நின்றேன். பக்கத்தில் அவருடைய அக்கா. தம்பி சுற்றி வரும்போதெல்லாம் ஒரு கதைதான் கதைக்கலாம்.

“இறங்கடா தம்பி, வீட்டை போவம்.”

“ஏலாது அக்கா.” போய்விட்டார்.

அடுத்த சுற்று.

“இந்தா கிடக்கிற குச்சவெளிக்கு பஸ்ஸிலை போனாலே தலை சுத்திச் சத்தி எடுக்கிறவன் நீ. உனக்கு டில்லியோ?”

“அதுதான் அக்கா சைக்கிளிலை போறன்!”

சனம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

“அங்கை காய்ச்சல், வருத்தம் வந்தால் ஆரடா பாக்கிறது?”

இதற்குப் பதில் வர ஒரு முழுச் சுற்று எடுத்தது.

“தெரியாது அக்கா. போகாட்டி எனக்கு இங்கையே வருத்தம் வந்திடும்.”



திரும்பி வரும்போது தம்பிக்குக் கண் செருகியது. சைக்கிள் ஆடியது. ஒரு கால் பெடலை விட்டு நழுவியது. அக்கா கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே ஓடினார். பிடித்து இறக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

அவரோ சைக்கிளைத் தொடாமல், கூடவே ஓடிக்கொண்டு கத்தினார்:

“காலைத் தூக்கடா! கண்ணை முழி! டில்லிக்குப் போறவன் இதிலையோ விழுறது? மிதியடா, மிதி!”