முழு முகவரியுடன் இருபது பேர்

தகவல் கேட்டு மனு கொடுக்க வருகிறவர்களை நான் ஒருநாளும் நிற்க வைத்துப் பேசியதில்லை. எங்கள் அலுவலகத்தில் இது பெரிய விஷயம். மற்ற மேஜைகளுக்கு எதிரே நாற்காலியே கிடையாது. உட்கார இடம் கொடுத்தால் எழுந்து போகமாட்டார்கள் என்பார்கள். பதிவறையில் கை ஒடிந்து கிடந்த நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து, நானே கயிறு கட்டிச் சரிசெய்து என் மேஜைக்கு முன்னால் போட்டுவைத்தேன். இதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. நீங்கள் விசாரணை அதிகாரி, எது வேண்டும் எது வேண்டாம் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

காவல்துறைத் தலைமை அலுவலகத்தில் பொதுமக்கள் கேட்கும் ஆவணங்களின் நகலைத் தருவது என் வேலை. நகல் இல்லாவிட்டால் இல்லை என்று கடிதம் எழுதுவதும் என் வேலை. பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு ‘இல்லைசார்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். “இல்லைசார் இருக்காரா?” என்று யாராவது கேட்பதும், “இருக்காரு, ஆனா இல்லை” என்று இன்னொருவர் சொல்வதும் தினமும் காலையில் நடக்கும். நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

அந்தப் பெண் முதன்முதலாக வந்தது ஆறு வருடங்களுக்கு முன்பு. ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். இருபத்தேழு வயது இருக்கும். கைப்பையில் மடிக்காமல் அட்டை வைத்து மனுவைக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. பலர் நாலாக மடித்துக் கசக்கிக் கொண்டுவருவார்கள்.

அவள் கேட்டது வழிப்பறி ஒழிப்பு இயக்கத்தின் ஆவணங்களை. அது அவள் கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் சின்னக் குழந்தையாக இருந்தபோது நடந்தது. அப்போது தெருவில் நகையையும் பையையும் பறித்துக்கொண்டு ஓடுவது அதிகமாகிவிட்டது, பத்திரிகைகள் எங்களைக் கிழிகிழி என்று கிழித்தன. ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லைக்குள் இருக்கும் வழிப்பறிக்காரர்களின் பட்டியலை மேலே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டியலில் இருந்தவர்களைப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களில் நிறையப் பேர் தப்பியோட முயன்றபோது சுடப்பட்டார்கள். எல்லா அறிக்கையிலும் அதே வாசகம்தான் இருக்கும், ஓடாதவர் ஒருவர்கூட இல்லை. ஏழு மாதத்தில் ஊர் அடங்கிவிட்டது. சுடப்பட்டவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர். அவர் தையல்காரர்.

“எங்கப்பா யார்கிட்டயும் ஒரு ஊசிகூட எடுத்ததில்ல சார்,” என்றாள். “அவர் பேர் எப்படி அந்தப் பட்டியல்ல வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். அவர் திருடன் இல்லைன்னு ஒரு தாள் வேணும். எங்கம்மா இருக்கும்போதே வேணும்.”

அவளுடைய அம்மா அதுவரை ஏழு வீடு மாறியிருந்தார்களாம். அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரிந்ததும் பெட்டியைக் கட்டிவிடுவார்களாம். பெண் பார்க்க வந்த இரண்டு இடமும் அதனாலேயே தட்டிப்போயிற்று என்று அவளே சாதாரணமாகச் சொன்னாள்.

நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். பிறகு சட்டத்தை விளக்கினேன். “இங்க பாரும்மா, ‘எப்படி வந்துச்சு’, ‘ஏன் வந்துச்சு’ன்னு எல்லாம் கேட்க முடியாது. இருக்கிற காகிதத்தோட நகலைத்தான் கேட்கலாம். அதுவும் கோப்பு எண் போட்டுக் கேட்டா வேகமா நடக்கும்.” அவளுக்குக் கோப்பு எண் எப்படித் தெரியும். நானே பார்த்துச் சொன்னேன். மனுவையும் நானே எழுதிக்கொடுத்தேன், அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். முப்பது நாள் கழித்து, அந்த எண்ணுள்ள கோப்பு பாதுகாப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் அனுப்பினேன். அழிக்கப்பட்டது எனக்கு முன்பே தெரியும். தகவல் சட்டம் வந்த வருடம், பழைய காகிதங்களைக் கூழாக்க அனுப்பும் மூட்டையில் அதைச் சேர்த்ததே நான்தான்.

இப்படிப் பத்து மனுக்கள். ஒவ்வொன்றையும் நான் எழுதிக்கொடுத்தேன், ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று நானே பதில் எழுதினேன். ஒருமுறை நிலைய நாட்குறிப்பைக் கேட்கச் சொன்னேன், அது வெள்ளத்தில் நனைந்து போயிருந்தது. ஒருமுறை பக்கத்து நிலையத்தின் எண்ணைக் கொடுத்தேன். அவளுக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. ஒரு தடவை என் பல்வலியைப் பார்த்துவிட்டு, அவள் மருத்துவமனையில் நல்ல டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். “இந்த ஆபீஸ்ல மனுசனா பேசுறது நீங்க ஒருத்தர்தான் சார்,” என்பாள். அதைக் கேட்கும்போது எனக்கு வெட்கமாக இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. மரத்துப்போன காலில் எறும்பு ஊர்ந்தால் தெரியுமா, அந்த மாதிரிதான் இருந்தது.

பதினோராவது மனுவை அவளே எழுதிக்கொண்டு வந்தாள். இந்த முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை, மேஜைமேல் வைத்தாள்.

“ரொம்ப நாளா யோசிச்சேன் சார். அன்னிக்கு எங்கப்பாவ அடிச்சு இழுத்துட்டுப் போகல. ரெண்டு போலீஸ்காரங்க வந்து, ‘உங்க தையல் மெஷின் கெடச்சிருச்சு, வந்து அடையாளம் காட்டுங்க’ன்னாங்க. அப்பா சிரிச்சிக்கிட்டே போனாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கு முந்தின வாரம்தான் ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போன மெஷின் தலைய ரோட்டுல ரெண்டு பேர் பறிச்சுட்டுப் போயிட்டாங்க. அதுக்கு அவர் புகார் கொடுத்திருக்காரு. அப்ப அந்தப் புகார் ஸ்டேஷன்ல இருந்திருக்கணும்ல? எனக்குப் பட்டியல் வேண்டாம். எங்கப்பா கொடுத்த புகாரோட நகல் போதும்.”

நியாயமான மனு. ஒரு சொல் கூடுதல் குறைவு இல்லை. பட்டியல், அறிக்கை, நாட்குறிப்பு என்று இயக்கத்தின் காகிதங்களைத்தான் நான் பார்த்துப் பார்த்து அப்புறப்படுத்தியிருந்தேன். பறிகொடுத்தவர்களின் புகார்ப் பதிவேட்டை யார் நினைத்தார்கள். அது வேறு வரிசையில், வேறு அலமாரியில், காணாமல்போன ஆடுமாடுகளின் பதிவேட்டுக்குப் பக்கத்தில் துணி சுற்றிக் கிடந்தது. அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் எடுத்துப் பிரித்தேன். தையல்காரரின் பெயருக்கு நேரே பென்சிலால் சின்னதாக ஒரு குறி இருந்தது. அடுத்தடுத்த பக்கங்களில் இன்னும் மூன்று பெயர்களுக்கு அதே குறி. அழிப்பான் கொண்டு தேய்த்துப் பார்த்தேன், காகிதம் நைந்து தடம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. அதனால் தையலை ஒட்டி பிளேடால் அந்தத் தாள்களை அறுத்து எடுத்துவிட்டேன். குறிப்பிட்ட பக்கங்கள் செல்லரித்துவிட்டன என்று பதில் அனுப்பினேன்.

நான்கு நாளில் வந்தாள். இந்த முறை உட்காரவில்லை. கைப்பையிலிருந்து பழுப்பேறிய துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். புகார் கொடுத்ததற்கு நிலையத்தில் தரும் ரசீது. அவள் அம்மா அதைத் தலையணை உறைக்குள் வைத்தே ஏழு வீடு மாறியிருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் மகளிடம்கூடச் சொல்லவில்லையாம். செல்லரித்துவிட்டது என்ற என் கடிதத்தைப் படித்துக் காட்டியபோதுதான் எடுத்துக் கொடுத்தார்களாம். ரசீதுக்குப் பக்கத்தில் என்னுடைய பதினொரு கடிதங்களையும் வரிசையாக அடுக்கினாள்.

“எங்க லேப்ல குப்பியில இருக்கிற கையெழுத்தும் சீட்டுல இருக்கிற கையெழுத்தும் ஒண்ணான்னு பாக்குறதுதான் சார் என் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு பாப்பேன்.”

நான் போடுவது சுருக்கொப்பம். தூண்டில் முள்ளைப்போல ஒரு வளைவு, கீழே இரண்டு புள்ளி. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் போடுகிறேன். பெயரை மாற்றவில்லை, ஒப்பத்தையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

“அந்த ஸ்டேஷன்ல ரசீது எழுதினது நீங்கதானே சார்?”

“ஆமாம்மா,” என்றேன். இல்லை என்று எழுதத்தான் எனக்கு வரும், நேருக்கு நேர் சொல்ல வராது.

அன்று அவளிடம் சொன்னதைத்தான் இப்போது உங்களிடமும் சொல்கிறேன். அந்த நிலையத்தில் நான்தான் எழுத்தர். பட்டியல் தயாரித்ததும் நான்தான். எங்கள் எல்லையில் இருந்த வழிப்பறிக்காரர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் பதினாறு பேர். அனுப்பினேன். மூன்றாம் நாள் பட்டியல் திரும்பி வந்தது. குறைந்தது இருபது பேர் வேண்டும், எல்லோருக்கும் முழு முகவரி வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஆய்வாளர் அதை என் முகத்துக்கு நேரே ஆட்டி, “எங்கிருந்து புடிப்பியோ தெரியாது, சாயங்காலத்துக்குள்ள இருபது வேணும்,” என்றார். அவரும் பாவம், அவருக்கு மேலே இருந்து நெருக்கடி.

யோசித்துப் பாருங்கள். வழிப்பறி செய்கிறவனுக்கு ஏது முழு முகவரி. பாலத்தடியில், சந்தையில், எங்கெங்கோ படுத்துக்கொள்கிறான். முழு முகவரி கொடுப்பவர்கள் பறிகொடுத்தவர்கள்தான். பொருள் கிடைத்தால் தகவல் சொல்ல வேண்டுமே என்று கதவு எண், மாடி, எதிரில் என்ன இருக்கிறது என்பது வரை சொல்லுவார்கள். தையல்காரர் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு, வலதுபக்கப் படி, முதல் கதவு என்று சொல்லியிருந்தார். புகார்ப் பதிவேட்டை எடுத்து அதிலிருந்து நான்கு பேரைக் குறித்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு குறிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் ஒரு பள்ளி ஆசிரியரைக் குறித்துவிட்டு, பிறகு அந்தக் குறியை அழித்துவிட்டேன். வாத்தியார் என்றால் நாலு பேர் வந்து கேட்பார்கள். வக்கீல் வீட்டுச் சமையல்காரர் ஒருவரையும் விட்டுவிட்டேன். தனியாகத் தொழில் செய்கிறவர்கள், சங்கம் இல்லாதவர்கள், சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் என்று பார்த்து எடுத்தேன். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெண்கள் அலைந்து கேள்வி கேட்க முடியாது.

பட்டியலில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். பக்கத்து நிலையங்களுக்கு நான் அறிக்கை தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓட முயன்றார், எச்சரித்தோம், கேட்கவில்லை என்பதெல்லாம் முன்கூட்டியே அடித்து வைத்திருப்போம். பெயரும் நேரமும்தான் காலியாக இருக்கும். தையல்காரரைக் கூட்டிவரப் போனவர்களிடம், மெஷின் கிடைத்துவிட்டது என்று சொல்லச் சொன்னதும் நான்தான். குழந்தை முன்னால் அடிதடி வேண்டாமே என்று தோன்றியது. அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ரசீதை வாங்கிக்கொண்டு போகும்போது, என் சட்டையின் நைந்துபோன காலரைப் பார்த்துவிட்டு, “கொண்டாங்க சார், திருப்பித் தச்சுத் தரேன், புதுசாயிடும்,” என்றார். மெஷின் கிடைத்த பிறகு கொடுக்கிறேன் என்று சொன்னேன்.

மற்ற மூவரின் பெயரும் முகவரியும் எனக்கு மனப்பாடம். பிறகு எழுதித் தருகிறேன். அவர்கள் வீட்டிலிருந்து இதுவரை யாரும் மனு கொடுக்கவில்லை.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டாள். கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி அட்டைக்குள் வைத்தாள். பிறகு கேட்டாள்.

“எங்கப்பா எத்தனாவது சார்?”

“பதினேழாவது.”

“பதினாறோட விட்டிருக்கலாமே.”

பதினாறோடு அனுப்பியிருந்தால் பட்டியல் மறுபடியும் திரும்பி வந்திருக்கும். அதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன். ரசீதையும் அட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.