உப்புக்குப் பழக்கிய மீன்

மீன் தொட்டியைக் கழுவும்போது சோப்புப் போடக் கூடாது ஐயா. வினிகரை ஊற்றிப் பழைய துணியால் தேய்த்தால் கண்ணாடியில் படிந்த வெள்ளைக் கறை போய்விடும். நம்ம சங்கரன்கோவில் போர்வெல் தண்ணி அப்படி.

எங்கள் தறி முதலாளி காசிராஜன் யாரோ வைத்திருந்த தொட்டியை வாங்கி வந்திருந்தார். நல்லதண்ணி மீன் வளர்த்த தொட்டி. அதில் கடல் மீன் விட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தறி ஓட்டுகிற என்னைத்தான் அதற்கும் கூப்பிட்டார். பழைய கூழாங்கல்லை அள்ளி, தொட்டியைக் கழுவினேன். கூடவே வந்த மோலி மீன்களை என்ன செய்ய என்று மீன் கடை அல் அமீனிடம் கேட்டேன்.

"கடல் உப்பை ஒரேயடியாக் கொட்டினா செத்துரும் அண்ணாச்சி. நாளுக்குக் கொஞ்சமாக் கூட்டுங்க. மோலி பழகிக்கிடும். மத்த மீனுன்னா தாங்காது, பாத்துக்கிடுங்க."

அப்படியே செய்தேன். உப்பு அளக்கிற மிதவையைப் போட்டும் பார்த்தேன், நாக்கில் வைத்தும் பார்த்தேன். மோலிகள் ஒன்றும் நடக்காத மாதிரி திரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு வீட்டு நினைப்பு வந்தது.

வீட்டில் என் அண்ணன் சிவனாண்டி படுத்திருந்தார். இதயம் பெருத்துவிட்டது, சோற்றில் உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்குக் குடும்பம் இல்லை. சமைத்துக் கொடுத்தது நான்தான்.

"ஏலே கருத்தப்பாண்டி, இது கஞ்சியா, மாட்டுக்கு வச்ச கழனித்தண்ணியா?" என்பார். பாவமாக இருந்தது. ஒரு சிட்டிகை போட்டேன்.

"இன்னைக்குத்தாம்லே வாய்க்கு வெளங்குது."

மறுநாள் கொஞ்சம் கூட்டினேன். அவரும் பழகிக்கொள்வார் என்று நினைத்தேன்.

கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் ஜெயசித்ரா, "உப்பு கிப்பு போடுதீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அண்ணனும் என் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்றார்.

பிறகு அவரே, "ரொம்பக் கரிக்குது, வேண்டாம்லே" என்றார். அதற்குள் எழுந்து உட்காரும் பலம் போய்விட்டது. நான்தான் ஊட்டினேன். படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்த்து வைத்து ஊட்டினேன்.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அது அண்ணன் பேரில் இருந்த வீடு. அதை விற்று மதுரையில் வைத்தியம் பார்க்கப் போவதாகச் சொன்னது உண்மைதான். "நீ எங்கனயாவது வாடகைக்குப் போயிக்கிடு மக்கா" என்றார். ஆயுசெல்லாம் தறிச் சத்தத்தில் நின்றவனுக்குப் படுக்க ஒரு இடம் வேண்டாமா? அந்தப் பேச்சு வந்த வாரத்தில்தான் கஞ்சியில் உப்புப் போட ஆரம்பித்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்துவிட்டது.

கடைசி நாள், "தண்ணி தாலே, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். செம்பு என் கையில்தான் இருந்தது. ஆனால் தண்ணீரையும் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படித்தவர் பேச்சை மீறக் கூடாது என்று நான் கொடுக்கவில்லை.