உப்பு சூப் குடிச்ச அண்ணன்

...காலையிலேருந்து "சேவை, சேவை"ன்னு கேட்டுக் கேட்டு எனக்கு எலுமிச்சை சேவை ஞாபகம் வந்துருச்சு. மைக் செட் முனீஸ் அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க. பின்வரிசை தூங்குது.

நாளைக்கு நாம எல்லாரும் நலப்பணி முகாமுக்குக் கிளம்புறோம். அதுக்கு முன்னாடி ஒரு கதை. பயப்படாதீங்க சார், குட்டிதான்... கடிக்காது.

போன மே மாசம் லண்டன்ல எங்க சித்தி வீட்டுல இருந்தேன். என்னைத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போனா, திரும்பி வரும்போது வீடு இருக்காதுன்னு சித்திக்குத் தெரியும். அதனால பக்கத்துல ஒரு பொதுச் சமையல்கூடத்துல வாலண்டியரா சேர்த்து விட்டாங்க. அந்த வார்த்தையில முன்பாதி 'வால்', எனக்குப் பொறந்ததுலேருந்தே இருக்கு. மிச்சத்தைத்தான் அங்க போய்க் கத்துக்கிட்டேன்.

சர்ச்சுக்குப் பின்னாடி பெரிய ஹால். சனிக்கிழமை மத்தியானம் யார் வந்தாலும் சாப்பாடு. ஏன் வந்தே, ஏன் பசின்னு ஒரு கேள்வி கிடையாது. பொறுப்பு பெட்ராங்கற அம்மா. அவங்க சட்டம் ஒண்ணுதான். "'சாப்பிட்டாச்சா'ன்னு ஒரு தடவை கேளுங்க. சொன்ன பதிலை நம்புங்க. திரும்பத் திரும்பக் கேட்டா அது மரியாதை இல்லை." நல்ல சட்டம்தானே? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

எனக்குப் பக்கத்துல நின்னு பருப்பு சூப் ஊத்தறவர் நம்ம பக்கத்து ஆளு. மேல்படிப்புக்கு வந்தவர். இசக்கிராஜா, வள்ளியூர்னு வச்சுக்குவோம். பேரையும் மாத்திட்டேன், ஊரையும் மாத்திட்டேன். வள்ளியூர்ல போய்த் தேடாதீங்க!

எல்லாருக்கும் முன்னாடி வந்துருவார். எல்லாரும் போனப்புறம்தான் போவார். ஒரு சொட்டு சிந்தாம ஊத்துவார். பெட்ரா அம்மா ஒவ்வொரு வாரமும் கேப்பாங்க.

"ராஜா, சாப்பிட்டியா?"

"ஆச்சு மேடம். வரும்போதே சாப்பிட்டேன்."

"நல்லது!"

அவ்வளவுதான். கேட்டாச்சு, நம்பியாச்சு.

ஆனா மனுஷன் சிரிக்கவே மாட்டார். எனக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு கிண்ணம் சூப் எடுத்தேன். கை நிறைய உப்பை அள்ளிப் போட்டேன். நல்லாக் கலக்கினேன். அங்க இருந்த பசங்க எல்லாம் போனைத் தூக்கிட்டுத் தூணுக்குப் பின்னாடி ரெடி. நான் முகத்தைப் பச்சைப் புள்ள மாதிரி வச்சுக்கிட்டுப் போனேன்.

"அண்ணே... உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

வாங்கினார். ஒரு வாய் வச்சார்.

நாங்க காத்துட்டிருக்கோம். இப்பத் துப்புவார்... இப்பக் கத்துவார்...

ரெண்டாவது வாய். மூணாவது வாய். அப்புறம் கிண்ணத்தையே தூக்கிட்டார். மடக்... மடக்... கண்ணுலேருந்து தண்ணி வருது, நிறுத்தல. கடைசியில ஒரு துண்டு ரொட்டியை எடுத்தார். கிண்ணத்தோட அடியைச் சுத்தமா வழிச்சு, அதையும் வாயில போட்டுக்கிட்டார்.

காலிக் கிண்ணத்தை நான் வாங்கிக்கிட்டேன்.

"உ... உப்பு எப்படிண்ணே?"

"அளவா இருக்கு தங்கச்சி."

அளவா இருக்கு! கடல் தண்ணியைக் குடிச்சிட்டு ஒரு மனுஷன் சொல்றார், அளவா இருக்கு! தூணுக்குப் பின்னாடி தூக்கின போன் எல்லாம் ஒவ்வொண்ணா இறங்குது...

பின்வாசலுக்கு இழுத்துட்டுப் போனேன். "அண்ணே, நிஜத்தைச் சொல்லுங்க. எப்ப சாப்பிட்டீங்க?"

தரையைப் பாத்தார். "நேத்து... ரெண்டு பிஸ்கட்."

பார்ட் டைம் வேலை போயிருக்கு, வேற கிடைக்கல. வீட்டுக்குப் போன் பண்ணும்போது "சோறு, மீன் குழம்பு"ன்னு அம்மாகிட்டக் கதை விட்டுட்டிருக்கார்.

"வரிசையில நின்னா உங்களுக்கும்தானே போடுவாங்க?"

"யாராச்சும் போட்டோ எடுத்துட்டா? ஊரு வரைக்கும் போயிரும். அம்மா செத்துரும். கரண்டி பிடிச்சா எவனுக்கும் சந்தேகம் வராதுல்லா?"

"அந்த அம்மாதான் வாராவாரம் கேட்டாங்களேண்ணே!"

அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"ஒரு தடவைதான தங்கச்சி கேட்டாவ. இன்னொரு தடவை கேப்பாவன்னு நெனச்சேன்."

...

அந்த ஹால்லேயே அதிகப் பசியோட இருந்தவன், கையில கரண்டியோட நின்னுட்டிருந்தான்! ஊருக்கே ஊத்தினான். அவனுக்கு ஊத்த ஆள் இல்ல. தொண்டு செய்யப் போனவளுக்குத் தொண்டை அடைச்சுது.

பெட்ரா அம்மாகிட்டப் போனேன். யாருன்னு சொல்லல. "நம்ம ஆளுங்கள்லயே ஒருத்தர் பட்டினி"ன்னேன். அவங்க அப்படியே ஆடிப் போயிட்டாங்க. "நான் கேட்டேனே! எல்லாரும் ஆச்சுன்னு சொன்னாங்களே!"

"மேடம், எங்க ஊர்ல முதல் 'ஆச்சு' பதிலே இல்ல. அது கூச்சம். எங்க ஆளுங்க அதைத் தாண்டித்தான் இலை போடுவாங்க."

அடுத்த சனிக்கிழமை கதவு திறக்கல. வெளியில வரிசை நிக்குது. உள்ள மேசை போட்டிருக்கு. பெட்ரா அம்மா சொல்றாங்க, "கரண்டி பிடிக்கறவங்க எல்லாரும் முதல்ல உட்காருங்க. கேள்வி கிடையாது." இசக்கி அண்ணனுக்கு அவங்களே ஊத்தினாங்க. அவர் ஒரு வாய் வச்சுட்டு, என்னைத் திரும்பிப் பாத்து, "தங்கச்சி, உப்பு கம்மி"ன்னார்.

சிரிச்சார்! அன்னிக்குத்தான் சிரிச்சார்.

நாளைக்குக் கிளம்பப் போற என் சக வால்களே! இந்தக் கதையை எதுக்குச் சொன்னேன்? பசி எப்பவும் வரிசையில நிக்கும்னு நினைச்சுக்காதீங்க. அது பேட்ஜ் குத்திக்கிட்டு உங்க பக்கத்துலயே நிக்கும். கேட்டா "ஆச்சு"ன்னு சொல்லும். நீங்க கேட்டதோட கடமை முடிஞ்சதுன்னு நகர்ந்துராதீங்க. இன்னொரு தடவை கேளுங்க. உங்களுக்கு அது ஒரு வார்த்தை. எதிர்ல நிக்கறவனுக்கு அன்னிக்குச் சோறே அதுதான்.

சந்தேகமா இருக்கா? இங்கயே பாத்துருவோம்.

முனீஸ் அண்ணே! காலையிலேருந்து ஒயரோட ஓடிட்டிருக்கீங்களே... சாப்டீங்களா?

"ஆச்சு"ங்கறார், பாத்தீங்களா?

சரி. அண்ணே, ரெண்டாவது தடவை கேக்கறேன்... சாப்டீங்களா?

...

இல்லைன்னு தலையை ஆட்டறார். சார், யாராவது அவருக்கு ஒரு இலை போடுங்க. மைக்கை நான் பாத்துக்கறேன்.